பழனிக்குப் போகிற பாதையில் நம் விளைச்சலுக்கு என்ன விலை?

திண்டுக்கல் – பழனி சாலையை ஒட்டிய கிராமத்தில் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனம் வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி என் மேஜைக்கு வந்தது. அதன் சாரம் இதுதான்: தை பிறந்தால் எங்கள் ஊர் வழியாக லட்சக்கணக்கான பேர் நடந்து போகிறார்கள். லாட்ஜ்காரர், ஓட்டல்காரர், வேன்காரர் எல்லோரும் நாலு காசு பார்க்கிறார்கள். எங்களுக்கு மிஞ்சுவது வரப்பில் கிடக்கும் பாக்குமட்டைத் தட்டும் தண்ணீர் பாட்டிலும்தான். கோயிலால் ஊர் வளர்கிறது என்கிறார்களே, அந்த வளர்ச்சி தோட்டத்துக்குள் எப்போது வரும்?

கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் தனிக் கட்டுரையாகவே எழுதுகிறேன். பழனியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வேளாங்கண்ணி, நாகூர், திருச்செந்தூர், திருவண்ணாமலைப் பக்கத்து வாசகர்கள் மாதத்தையும் பயிரையும் மாற்றிப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

திருவிழாவும் சந்தையும் நம் ஊரில் என்றைக்குமே சேர்ந்தே வளர்ந்தவை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர் என்றால் பாதிப் பேருக்கு நினைவு வருவது மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும்தான். காங்கேயம் காளை வாங்க வேண்டும் என்றால் சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தைக்குப் போக வேண்டும் என்பது கொங்கு நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கெல்லாம் விற்பவரும் விவசாயி, வாங்குபவரும் விவசாயி. பழனியில் வாங்குகிறவர் வெளியூர்க்காரர், பெரும்பாலும் நகரத்துக்காரர். அதனால் நடுவில் நிற்கிற ஆட்கள் அதிகம். வாசகரின் ஆதங்கத்துக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

பஞ்சாமிர்த டப்பாவுக்குள் இருப்பது

பழனிக்குப் போய் வந்தவர் வீட்டில் பஞ்சாமிர்தம் இல்லாமல் இருக்காது. அந்த டப்பாவை ஒரு விவசாயியின் கண்ணோடு பாருங்கள். மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பசு நெய், தேன், ஏலக்காய், இவற்றோடு பேரீச்சையும் கற்கண்டும். பேரீச்சை தவிர அத்தனையும் நம் மண்ணிலும் நம் மலையிலும் கிடைப்பவை. தண்ணீர் ஒரு சொட்டு சேர்ப்பதில்லை, கெடாமல் இருக்க மருந்தும் போடுவதில்லை. பழத்தில் இயல்பாகவே ஈரம் குறைவு. சர்க்கரையும் தேனும் மிச்ச ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் நுண்ணுயிர் வளர இடம் கிடைப்பதில்லை. நம் பாட்டிமார் ஊறுகாய்க்கு உப்பை வைத்துச் செய்த வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது.

பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கோயில் பிரசாதத்துக்கு இந்தக் குறியீடு கிடைத்தது அதுதான் முதல் தடவை. தைப்பூசம், பங்குனி உத்திரம், கார்த்திகை – மார்கழியில் ஐயப்ப பக்தர் கூட்டம், மே மாத விடுமுறை என்று வருஷத்தில் பாதி நாள் அதற்குக் கிராக்கிதான். எடப்பாடியிலிருந்து காவடி கொண்டு வரும் பருவதராஜகுலத்தார் தைப்பூசம் முடிந்த பிறகு வந்து, மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து பங்கிட்டு எடுத்துப் போகிறார்கள். ஒரே ஒரு பிரசாதம் எத்தனை பயிரை இழுத்துக்கொண்டு வருகிறது என்பதைக் கவனியுங்கள். வாழை, கரும்பு, மாட்டுத் தீவனம், ஏலம், தேனீப் பெட்டி எல்லாமே அதற்குள் இருக்கின்றன.

அப்படியானால் இந்த ஐந்து பொருளை விளைவிக்கிறவர்கள் எல்லோரும் செழிப்பாக இருக்க வேண்டுமே? இல்லை. வாழைக்காரர் கதை ஒன்று, கரும்புக்காரர் கதை வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

மலைவாழை: பேர் பெரிது, தோப்பு சிறிது

விருப்பாச்சி என்பது ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இடையில் உள்ள ஊர். அந்தப் பேரில் வழங்குகிற மலைவாழை கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் பக்கங்களில் விளைகிறது. அதன் சகோதரி சிறுமலையில். இரண்டுக்கும் 2008-09-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சமவெளி வாழை மாதிரி வாய்க்கால் பாய்ச்சி வளர்ப்பது இல்லை இது. மானாவாரி. காப்பித் தோட்டத்துக்குள் நிழலுக்கு நிற்கும், ஊடே மிளகுக் கொடி ஏறும், ஒரு தடவை நட்டால் பக்கக்கன்று விட்டு விட்டுப் பல வருஷம் நிற்கும். பழம் குட்டையாக, தோல் தடித்து, நன்றாகப் பழுத்தாலும் குழையாமல் இருக்கும். பஞ்சாமிர்தத்துக்கு அது பொருந்தியதற்கு அந்தக் குழையாத சதைதான் காரணம்.

இந்த வாழையை அழித்தது முடிக்கொத்து நோய். இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். இலைக்காம்பிலும் நடு நரம்பிலும் கரும்பச்சைக் கோடுகள், தந்தியில் அடிக்கிற புள்ளியும் கோடும் மாதிரி விட்டு விட்டுத் தெரியும். அப்படி ஆன மரம் தார் தள்ளாது. தள்ளினாலும் பயன்படாது. நோயைப் பரப்புவது வாழை அசுவினி. அதைவிட வேகமாகப் பரப்பியது நம் பழக்கம். நல்ல தோட்டம் என்று நம்பிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கன்று பெயர்த்து நடுவோம். கன்று பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும், உள்ளே வைரஸ் இருக்கும். இப்படிக் கீழ்ப் பழனி மலையில் பெரும்பரப்பு காலியானது. அதே காலத்தில் அந்த மலையின் கமலா ஆரஞ்சும் வேறு நோய்களால் நசிந்தது. பலர் வாழையை விட்டு மிளகு, காப்பி, அவரை, சௌசௌ என்று போனார்கள். சிலர் நிலத்தையே ரிசார்ட்காரருக்கு விற்றுவிட்டுக் கீழே இறங்கினார்கள்.

கீழே பழனியில் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது, மேலே தோப்பு குறைந்துகொண்டே வருகிறது. வியாபாரக் கணக்குப்படி பார்த்தால் இருக்கிற கொஞ்சம் தோப்புக்காரர்களுக்கு நல்ல விலை வந்திருக்க வேண்டும். ஓரளவு வந்ததும் உண்டு. ஆனால் தார் தோட்டத்திலிருந்து ஜீப்பில் ஏறி, வத்தலக்குண்டு அல்லது திண்டுக்கல் மண்டிக்கு வந்து, கமிஷன் போய், வியாபாரி கை மாறி, ஒப்பந்தக்காரர் வழியாகப் பழனிக்குப் போகிற வரை விலை எங்கே ஏறுகிறது என்று தோட்டக்காரருக்குத் தெரிவதில்லை. பேர் பெற்ற பழம், ஆனால் பேருக்கான விலை மலை ஏறி வருவதில்லை என்பது மலைக் கிராமங்களில் நான் அடிக்கடி கேட்கிற வார்த்தை.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். புவிசார் குறியீடு வாங்கிவிட்டால் தானாக விலை கூடும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். குறியீடு பாதுகாப்பது பெயரை. அந்தப் பெயரைச் சட்டப்படி தன் பெட்டியில் அச்சிட வேண்டுமானால் விளைவிக்கிறவர் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் பதிய வேண்டும். கட்டணம் மிகக் குறைவு. பத்துப் பதினைந்து தோட்டக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து பதிந்து, பழத்தைத் தரம் பிரித்து, 'விருப்பாச்சி மலைவாழை' என்று எழுதிய பெட்டியில் சீப்பாக விற்றால் அது வேறு வியாபாரம். பழனிக்கு வருகிறவர் பஞ்சாமிர்தம் வாங்குகிற அதே கையால் இரண்டு சீப்பு மலைவாழையும் வாங்குவார். மலையடிவாரத்தில் அந்தப் பழத்தை அதன் சொந்தப் பெயரில் விற்கிற விவசாயிகள் கடை ஒன்று நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

மகளிர் குழுக்கள் சில பஞ்சாமிர்தம் செய்து விற்கலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் 'பழனி பஞ்சாமிர்தம்' என்ற பெயர் போடக் கூடாது. அந்தக் குறியீடு கோயிலின் பேரில் இருக்கிறது.

கவுந்தப்பாடியில் நடப்பது

இப்போது கரும்புக்கு வருவோம். பழனிப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டி வெல்லத்துக்குப் பேர் போன ஊர். ஆனால் கோயிலின் சர்க்கரைத் தேவைக்குப் பெரிய பங்கு தருவது ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி. பவானி, கோபி வட்டாரத்துக் கரும்பு விவசாயிகள் தங்கள் தோட்டத்திலேயே ஆலைக் கொட்டகை போட்டுச் சாறு பிழிந்து, காய்ச்சி, நாட்டுச்சர்க்கரையாகத் தேய்த்து, 60 கிலோ மூட்டையாகக் கட்டி, கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு வருகிறார்கள். வாரந்தோறும் ஏலம். அந்த ஏலத்தில் வியாபாரிகளோடு பழனி தேவஸ்தானமும் நின்று மூட்டை எடுக்கிறது.

இதன் அருமை என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாங்குகிறவர் எதிரில் நிற்கிறார். விலை எல்லோர் காதிலும் விழ அறிவிக்கப்படுகிறது. எடை மேடை அரசுடையது. முதல் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கோயில் எடுக்காத மூட்டைக்கும் கோயில் கொடுத்த விலை ஒரு அளவுகோலாக நிற்கிறது. வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்க யோசிப்பார்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் கரும்பில் ஏறக்குறைய 100 கிலோ சர்க்கரை வரும் என்பது பொதுவான கணக்கு. ரகத்தையும் முதிர்ச்சியையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். ஏக்கருக்கு 40 டன் கரும்பு என்று வைத்துக்கொண்டால் 4,000 கிலோ, அதாவது 66 மூட்டை. மூட்டைக்கு 100 ரூபாய் விலை கூடினால் ஏக்கருக்கு 6,600 ரூபாய். ஆலை ஆட்டும் கூலி, அடுப்புக்குக் கரும்புச் சக்கை, சாக்கு, வண்டி எல்லாம் ஒரே செலவுதான். ஏலத்தில் எதிரும் புதிருமாக ஆள் நிற்பதால் கிடைக்கிற அந்த 100 ரூபாய் நேராக மடிக்கு வருகிறது.

ஆனால் இந்த வாசல் திறந்திருப்பது சுத்தமான சரக்குக்கு மட்டும். சிலர் நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் போடுகிறார்கள், எடை ஏற அஸ்கா சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சுகிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையினர் வந்து மூட்டையைப் பிடித்தார்கள் என்ற செய்தியை நாளிதழில் பார்க்காத வருஷம் இல்லை. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு 70 பிபிஎம் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பளபளவென்று மஞ்சளாக இருந்தால்தான் வாங்குவேன் என்கிற நகரத்துக்காரர் கண்ணுக்காக நாம் மருந்தைப் போடுகிறோம். சாறு காயும்போது வெண்டைச் செடித் தண்டை நசுக்கிப் பிழிந்த கோழையை விட்டு அழுக்கை எடுக்கிற பழைய முறைக்கு நிறம் சற்றுக் கறுக்கும், ஆனால் எந்தச் சோதனைக்கும் பயப்பட வேண்டாம். ஒரு மூட்டையில் கலப்படம் பிடிபட்டால் அந்த விற்பனைக் கூடத்துக்கு வருகிற அத்தனை பேரின் விலையும் அடிபடும். ஆகவே இதைப் பக்கத்துத் தோட்டக்காரரே தட்டிக் கேட்க வேண்டும்.

மலைவாழைக்கும் இப்படி ஓர் ஏலக்கூடம் மலையடிவாரத்தில் இருந்து, கோயில் நேரடியாக வந்து நின்றால் என்ன? தாண்டிக்குடிப் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பேன். மானியம் கேட்பது பிறகு.

நெய்க்கு வழி ஓரளவு திறந்தே இருக்கிறது. கோயில்களில் விளக்குக்கும் பிரசாதத்துக்கும் ஆவின் நெய், வெண்ணெய் வாங்கும்படி அறநிலையத் துறை 2021-ல் அறிவுறுத்தியது. சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவருக்கு அதில் மறைமுகமாக ஒரு பங்கு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் கூட்டுறவு சங்கமே பால்கோவா காய்ச்சி, ஆண்டாளைப் பார்க்க வருகிறவருக்கு விற்கிறது. பால் ஊற்றுகிறவரின் சங்கமே இனிப்புக் கடையும் நடத்துவது நல்ல முன்மாதிரி.

நடந்து போகிறவர் என்ன வாங்குவார்?

வாசகர் கேட்டது சாலையோரத் தோட்டத்தைப் பற்றி. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நகரத்தார் காவடி வருகிற பாதை நூற்றாண்டுகள் பழையது. மதுரைப் பக்கத்திலிருந்தும் திருச்சிப் பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள் திண்டுக்கல்லில் சேர்ந்து, ஒட்டன்சத்திரம் தாண்டி நடக்கிறார்கள். கொங்குச் சீமையிலிருந்து தாராபுரம் வழியாக ஒரு வெள்ளம். பங்குனியில் கொடுமுடிக் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு இன்னொரு வெள்ளம்.

நடக்கிறவரின் பையில் இடம் கிடையாது. அவருக்கு ஒரு கிலோ கத்தரிக்காய் விற்க முடியாது. அவர் வாங்குவது கையில் பிடித்துத் தின்று முடிக்கிற பொருள். கொய்யா, வெள்ளரிப் பிஞ்சு, இளநீர், கரும்புத் துண்டு, வேகவைத்த மரவள்ளி, சர்க்கரைவள்ளி, நிலக்கடலை, பனங்கிழங்கு, மோர். சாப்பாடும் காபியும் வழியெல்லாம் அன்னதானப் பந்தலில் இலவசமாகவே கிடைத்துவிடும். அதனால் டிபன் கடை போடுவதில் லாபம் குறைவு. பந்தலில் கிடைக்காததைத்தான் நாம் விற்க வேண்டும். திரும்பும்போது அவர் பஸ்ஸிலோ வேனிலோ போவார். வீட்டுக்கு மூட்டை கட்டுவது அப்போதுதான். ஆகவே நடைபாதைத் தோட்டக்காரருக்குத் தின்பண்டம், பழனிக்குப் பக்கத்தில் உள்ளவருக்குப் பையில் போகிற பொருள் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஆயக்குடியைப் பாருங்கள். பழனியை ஒட்டிய இந்த ஊரின் கொய்யாச் சந்தை விடியற்காலையில் கூடி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். அங்கேயிருந்து கேரளா வரைக்கும் பெட்டி போகிறது. அதே பழம் கூடையில் ஏறி மலையடிவாரத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் சாலையோரத்துக்கும் வருகிறது. கூடைக்காரப் பெண்கள் பலர் தோட்டக்கார வீட்டுப் பெண்கள் அல்ல. சந்தையில் வாங்கி விற்பவர்கள். அவர்களுக்கும் இது பிழைப்பு. கிரிவலப் பாதையில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024-ல் ஆக்கிரமிப்புகளை அகற்றி வாகனங்களைத் தடை செய்த பிறகு நடக்கிறவர்களுக்கு வசதி கூடியது உண்மை. கூடை வியாபாரிகள் மட்டும் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. உழவர் சந்தை மாதிரி, அடையாள அட்டை உள்ள விவசாயிக்கும் கூடைக்காரருக்கும் வாகன நிறுத்தங்களின் பக்கத்திலேயே மேடை ஒதுக்கினால் இரண்டு தரப்புக்கும் நல்லது. கூட்டம் இப்போது இறங்குவது அங்கேதான்.

சாலையோரத்தில் கடை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தார்ச் சாலையின் ஓரத்தில் போடாதீர்கள். உங்கள் வயலுக்குள் பத்தடி தள்ளி ஒரு கீற்றுக் கொட்டகை, உட்காரக் கயிற்றுக் கட்டில், கால் கழுவ ஒரு தொட்டித் தண்ணீர். கால் கழுவ வந்தவர் கொய்யா வாங்காமல் போக மாட்டார்.

தேதி நகரும், விதைப்பும் நகர வேண்டும்

இந்த விஷயத்தில்தான் நம்மவர்கள் பலர் கோட்டை விடுகிறார்கள். தைப்பூசம் 2024-ல் ஜனவரி 25, 2025-ல் பிப்ரவரி 11, 2026-ல் பிப்ரவரி 1. பங்குனி உத்திரம் 2024-ல் மார்ச் 25, 2025-ல் ஏப்ரல் 11. இரண்டரை வாரம் முன்பின் ஆகிறது. போன வருஷம் விதைத்த தேதியிலேயே இந்த வருஷமும் விதைத்தால் பூ முன்னாடியே வந்து உதிர்ந்துவிடும், அல்லது கூட்டம் போன பிறகு வரும். ஆடி மாதமே அடுத்த வருஷப் பஞ்சாங்கத்தைக் கேட்டு வாங்கி, திருவிழாத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

செண்டுமல்லியை எடுத்துக்கொள்வோம். நாற்றங்காலில் 25 நாள், நட்டு 60 நாளில் முதல் பறிப்பு, பறிப்பு சூடு பிடிக்க இன்னும் 10 நாள். ஆக 95 நாள். 2024 தைப்பூசத்துக்கு அக்டோபர் 22 வாக்கில் விதைத்திருக்க வேண்டும். 2025-க்கு நவம்பர் 8. இரண்டுமே வடகிழக்குப் பருவமழைக் காலம். மேட்டுப் பாத்தியோ குழித்தட்டோ இல்லாமல் நாற்று விட்டால் அழுகிப் போகும். விதைக்கும் மண்ணில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துகொள்ளுங்கள். நட்ட 30-ம் நாள் நுனி கிள்ளினால் பூ சில நாள் பிந்தும், ஆனால் கிளை அதிகமாகிப் பூவும் கூடும். தேதி முந்திக்கொண்டு வருகிறது என்று தெரிந்தால் இந்த நுனி கிள்ளுதலையே பிரேக் போலப் பயன்படுத்தலாம்.

கொய்யாவுக்குக் கவாத்து. கிளையைக் கவாத்து செய்தால் ஒன்றரை மாதத்தில் புதுத் தளிரில் பூ, பூத்ததிலிருந்து நாலரை, ஐந்து மாதத்தில் பழம். ஜனவரி கடைசியில் பழம் வேண்டுமானால் ஜூலை நடுவில், ஆடி பிறக்கிற சமயத்தில் கவாத்து. தோப்பு முழுவதையும் ஒரே நாளில் வெட்ட வேண்டாம். பாதியை 15 நாள் தள்ளி வெட்டுங்கள். பங்குனி உத்திரத்துக்கு வெள்ளரி சரியான பயிர். விதைத்த 45 நாளில் பிஞ்சு. தர்ப்பூசணிக்கு 75 நாள்.

எல்லோரும் இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் செண்டுமல்லி நட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். விலை விழும். போன தையில் நல்ல விலை விற்றது என்று ஊரே நட்டு, பறிப்புக் கூலிக்குக் கூடக் கட்டாமல் செடியோடு உழுதது நாம் பார்த்ததுதான். மூன்று ஏக்கர் இருக்கிறவர் திருவிழாவுக்கு என்று ஒதுக்குவது அரை ஏக்கருக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மிச்சம் எப்போதும் போல ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் வீட்டுக்கும் இருக்கட்டும். கூட்டம் வருகிற மூன்று நாளை நம்பி ஒரு வருஷக் குடும்பத்தை நடத்த முடியாது.

பழனியில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பந்தி ஓய்வதில்லை என்றால் காய்கறித் தேவையும் ஓய்வதில்லை. பூசணி, சௌசௌ, முருங்கை, சின்ன வெங்காயம் எல்லாம் நம் மாவட்டத்திலேயே விளைகிறவை. தனி ஆளாக இதற்குள் நுழைவது கடினம். டெண்டர், முன்பணம், பில் பணம் வர ஆகும் நாள் என்று பல தடை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வழியாகப் போனால் முடியும்.

கூட்டம் விட்டுப் போவது

வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவை எழுதாவிட்டால் கணக்கு முழுமையாகாது. பழனிக்குத் தண்ணீர் கொடைக்கானல் மலைச் சரிவிலிருந்து வருகிறது. பாலாறு – பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகள் எல்லாம் அந்தச் சரிவின் ஓடைகளை நம்பியவை. லாட்ஜ் பெருகப் பெருகக் குடிநீர்த் தேவை கூடுகிறது. பயன்படுத்திய தண்ணீர் எங்கே போகிறது? ஊருக்குள் இருக்கும் வையாபுரிக் குளம் வயலுக்குப் பாய்ந்த குளம். அதில் சாக்கடை கலக்கிறது, ஆகாயத்தாமரை மூடுகிறது என்ற புகாருக்கு வயது அதிகம். சண்முக நதியில் குளிக்கிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற துணி ஒரு பக்கம். அந்தத் தண்ணீர் பாய்கிற வயலில் வேலை செய்கிறவருக்குக் காலில் அரிப்பு வந்தால் அதுவும் கோயில் பொருளாதாரத்தின் கணக்கில்தான் சேர வேண்டும்.

நில விலை இன்னொன்று. வயல் மனையானால் ஒரே தடவை பெரிய தொகை. பிள்ளை கல்யாணம், கடன், வீடு என்று மூன்றே வருஷத்தில் கரைந்ததைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். விற்றே ஆக வேண்டும் என்ற நிலை இல்லாவிட்டால், சாலையை ஒட்டிய பத்து இருபது சென்ட்டை வாகன நிறுத்தத்துக்கோ கடைக்கோ வாடகைக்கு விட்டு உள்நிலத்தில் பயிர் செய்வது நல்லது. எழுத்து ஒப்பந்தம் 11 மாதத்துக்கு மேல் வேண்டாம்.

வாசகர் சொன்ன குப்பைக்கு ஒரு வழி இருக்கிறது. அன்னதானப் பந்தல் போடுகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர் அன்பர்கள். இடம் கேட்டு நம்மிடம்தான் வருவார்கள். இடம் கொடுக்கும்போதே, பாக்குமட்டையோ வாழை இலையோ மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், பிளாஸ்டிக் பூசிய தட்டு கூடாது, கடைசி நாள் எல்லாவற்றையும் ஒரே குழியில் சேர்த்துவிட்டுப் போக வேண்டும் என்று பேசிவிடுங்கள். இலையும் எச்சில் சோறும் சாணத்தோடு சேர்ந்தால் மூன்று மாதத்தில் நல்ல மக்கு உரம். வாழை இலையை உங்கள் தோட்டத்திலிருந்தே வாங்கச் சொன்னால் இடத்துக்கு வாடகையும் ஆயிற்று.

இது தொடர்பாக வந்த இன்னொரு கேள்வி

*மலைவாழை திரும்ப நட நினைக்கிறோம். நோய் இல்லாத கன்று எங்கே கிடைக்கும்? மறுபடி முடிக்கொத்து வராமல் எப்படிக் காப்பது?*
– கீழ்ப் பழனி மலை வாசகர்

கீழ்ப் பழனி மலையிலேயே தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முதலில் அங்கே கேளுங்கள். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தையும் அணுகலாம். வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்று என்று எழுத்தில் சான்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். நடுவதற்கு முன் தோட்டத்தில் உள்ள பழைய நோய் மரங்களைக் கிழங்கோடு தோண்டி எடுத்து அழித்துவிட வேண்டும். வெட்டிவிட்டால் மட்டும் போதாது, கிழங்கு மறுபடி துளிர்த்து அசுவினிக்கு வீடாகும். தோண்டுவதற்கு முன் அசுவினியைக் கொல்ல மருந்து அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவை பக்கத்து மரத்துக்குப் பறந்துவிடும். நட்ட பிறகு 15 நாளைக்கு ஒரு தடவை வரிசை வரிசையாக நடந்து இலைக்காம்பைப் பாருங்கள். கரும்பச்சைக் கோடு தெரிந்த கன்றை அன்றைக்கே பிடுங்குங்கள், பரிதாபம் பார்க்க வேண்டாம். பக்கத்துத் தோட்டக்காரர் நோய் மரத்தை வைத்திருந்தால் உங்கள் உழைப்பு வீண்தான். அதனால் ஓடைக்கு ஓடை, ஒரு சரிவில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து ஒரே மாதத்தில் அகற்றிவிட்டு ஒரே மாதத்தில் நடுங்கள். கன்று தேவையையும் குழுவாக எழுதிக் கொடுத்தால் கிடைப்பது எளிது.